சரஸ்வதி பூஜையன்று வந்த அதிகாரி

சுற்றுலா வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்தத் தேநீர்க் கடை எங்கள் வாசகசாலை. கண்ணாடிக் கதவும், தொங்குகிற மஞ்சள் விளக்கும், ஜன்னலோரத்து பிளாஸ்டிக் ரோஜாவும் புதிது. சுவரும் கூரையும் பழசு. பழசாக இருப்பதால்தான் அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது. எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லை.

சரி, பொய் சொல்லக் கூடாது. கேட்டார்கள். ஒரு அதிகாரி நேரில் வந்து என்னைத்தான் கேட்டார். நான் சொன்ன பதிலால்தான் இன்றைக்கு அங்கே தேநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் மேலுள்ள கோபத்தில் இதை எழுதுகிறேன் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். அதில் பாதி உண்மை.

நான் அந்த வாசகசாலையின் சாவியைப் பதினெட்டு வருஷம் வைத்திருந்தவள். சம்பளம் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. பகலில் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தூள் பொட்டலம் கட்டுகிற வேலை. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, ஆறு மணிக்கு வாசகசாலையைத் திறப்பேன். குழம்பு தீய்ந்துபோன நாட்கள் நிறைய. என் கணவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு போகிற லோரி ஓட்டுகிறார். தீய்ந்த குழம்பைப் பார்த்ததும், "இன்னைக்கு எத்தனாவது பக்கத்துல தீஞ்சிச்சு?" என்று கேட்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லவும் முடியாது.

எங்கள் தோட்டம் ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறும் சாலையில் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இந்த மலாய் நாட்டுக்கு வந்து காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்த முதல் தலைமுறையின் பிள்ளைகள் இளவட்டங்களாக இருந்தபோது கட்டியது இந்த வாசகசாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக் கல்லைக் கொழுந்துக் கூடையில் போட்டு முதுகில் சுமந்து வந்து சுவர் எழுப்பினார்கள். கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து அலமாரி அடித்தார்கள். அந்தப் பலகைகளில் ஈயத்தாள் ஒட்டியபடியே இருக்கும், எந்தப் புத்தகத்தை முகர்ந்தாலும் தேயிலைத் தூள் வாசம் வரும். அன்றைய வெள்ளைக்காரத் துரை நிலத்தைக் கொடுத்தாரா, கண்டும் காணாமல் விட்டாரா என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை. வாசிப்பதற்கென்று ஓர் இடம் கட்டியவர்களுக்கு அந்த இடத்துக்கு ஒரு காகிதம் எழுதி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அதுதான் எங்கள் ஆட்கள்.

என்னுடைய பதினெட்டு வருஷத்தில் வாசிக்க மட்டுமே வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் வேறு எதற்கோ வந்து, காத்திருக்கிற நேரத்தில் வாசித்தவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மலாயில் கடிதம் வந்தால் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐசி, அதாவது அடையாள அட்டை, தொலைந்தால், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்றால், பாரம் நிரப்ப வருவார்கள். ஒரே ஒரு பத்திரிகை வாங்குவோம். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பேன். முதல் பக்கத்துச் செய்தியின் தொடர்ச்சி ஆறாம் பக்கத்தில் இருந்தால், ஆறாம் பக்கம் வைத்திருப்பவர் முடிக்கிறவரை முதல் பக்கக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் இருவரும் பேச ஆரம்பித்து, செய்தியை மறந்து, யார் வீட்டில் பெண் இருக்கிறது என்பதுவரை போய்விடுவார்கள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற தொழிலாளர் வீடுகள்; லயத்து வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அதனால் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் வாசகசாலையில்தான் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை பதற்றத்தில் கைக்குக் கிடைத்த பஞ்சாங்கத்தை எடுத்து ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். ரொம்பப் படிக்கிற பையன் என்று என் அப்பா ஏமாந்துபோனார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் முன்னால் போகிற லோரியின் நம்பர் மட்டும்தான்.

இப்போது கொழுந்து வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் முதல் வகுப்பு மலாய்ப் பாடநூலை ஆறு தடவை இரவல் வாங்கிப் போனார். ஏழாவது தடவை வந்தபோது, கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டாமல் தானே வாசித்துக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, "புத்தகத்தை எடுத்து வந்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

இதெல்லாம் லெட்ஜரில் இருக்கிறது. நீல அட்டை போட்ட தடித்த புத்தகம். வீட்டு எண், புத்தக எண், கொண்டுபோன நாள், திருப்பிய நாள். ஒரு வீட்டுக்கு இரண்டு புத்தகம், இரண்டு வாரம். யாருக்காகவும் நான் அந்த விதியைத் தளர்த்தியதில்லை. என் சொந்த மாமியாருக்கே மூன்றாவது புத்தகம் கொடுக்காதவள் நான். அதை அவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மானேஜர் வந்தார். எங்கள் ஆட்கள் இன்னமும் மானேஜரைத் துரை என்பார்கள். இந்தத் துரை தமிழர், கோலாலம்பூரில் வளர்ந்தவர், வயதில் என் தம்பிக்கும் இளையவர். மரியாதையாகத்தான் பேசுவார், அதுதான் இன்னும் எரிச்சல். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வாசகசாலை இருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அங்கே தேநீர்க் கடை வைத்தால் சுற்றுலாக்காரர்கள் தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்களாம்.

"அந்த எடம் சும்மாதான லா இருக்கு, ஆண்டி?" என்றார் ஒரு நாள் ஸ்டோர் வாசலில், இங்கே எல்லோரும் போடுகிற 'லா' போட்டு.

"சும்மாவா? ஆறு மணிக்கு வந்து பாருங்க சார்."

"ஆறு மணிக்கு எனக்கு மீட்டிங் ஆண்டி."

பதினெட்டு வருஷம் ஒருநாளும் அவருக்கு முந்திய மானேஜர்களும் ஆறு மணிக்கு வந்ததில்லை. அவர்கள் சாலையில் போகும்போதெல்லாம் மதியம். மதியத்தில் எங்கள் கதவு பூட்டியிருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் நாங்கள் அவர்களுக்கு வேலை செய்துகொண்டிருப்போம்.

எங்கள் கோயிலுக்கும் வாசகசாலைக்கும் சேர்த்து ஒரே குழு. தலைவர், தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைக் கிராணி ஐயா என்றே கூப்பிடுவோம். அவரும் நானும் சேர்ந்து அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு மனு எழுதினோம்: இது தோட்டத்து மக்களின் வாசகசாலை, இதை அப்படியே பதிவு செய்து காப்பாற்றித் தர வேண்டும். பதில் வந்தது. மலாயில் வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னது நான்தான். குறிப்பிட்ட வாரத்தில் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். வாசகசாலையாகப் பயன்பாட்டில் இருந்தால் அது தொடரலாம் என்று எழுதுவார். இல்லையென்றால் கட்டடத்தைத் தோட்ட நிர்வாகம் தன் விருப்பப்படி செய்துகொள்ளலாம். அவ்வளவுதான். வாசகசாலையின் உயிர் 'பயன்பாட்டில்' என்ற ஒரு சொல்லில் இருந்தது. அதை நான் குழுக் கூட்டத்தில் இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன்.

அந்த வாரம் பகலிலும் திறந்துவைக்கச் சாவியைக் கிராணி ஐயாவிடம் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகாதவர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வாருங்கள், உட்காருங்கள், படிக்காவிட்டாலும் படிக்கிற மாதிரி இருங்கள் என்றேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உட்கார இடமில்லை. பெண்கள் பின்னல் ஊசியோடு வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி வரவில்லை.

வியாழக்கிழமை சரஸ்வதி பூஜை. அந்த வாரத்தில் பூஜை வருகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாட்காட்டியில் நானே சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன். ஆனால் கடிதத்தையும் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குமே தோன்றவில்லை.

எங்கள் வாசகசாலையில் பூஜையை மிகச் சுத்தமாகச் செய்வோம். ஒவ்வொரு அலமாரியிலிருந்தும் ஒரு புத்தகம் எடுத்து, கலைமகள் படத்துக்கு முன்னால் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, வெள்ளைத் துணி போர்த்துவோம். மீதிப் புத்தகங்களை அலமாரியோடு சேர்த்து வெள்ளை வேட்டியால் மூடுவோம். லெட்ஜரும் புத்தகம்தானே, அதையும் படத்துக்கு முன்னால் அடியில் வைப்போம். அன்றைக்கு யாரும் எழுத்தைத் தொட மாட்டார்கள். பத்திரிகைகூட வாங்குவதில்லை. மறுநாள் விஜயதசமி காலையில் துணியை எடுத்து, ஆளுக்கு நாலு வரி வாசித்த பிறகுதான் எல்லாம் பழையபடி. சின்ன வயதில் எனக்கு அந்த ஒரு நாள் தாங்காது. விடிந்ததும் முதல் ஆளாக ஓடுவேன்.

அன்று நான் லீவு போட்டிருந்தேன். கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்துக்கொண்டு வந்து, அவலும் பொரியும் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. மானேஜர் முதலில் இறங்கினார். பின்னால் அந்த அதிகாரி, நடுத்தர வயது மலாய்க்காரர், சிரித்த முகம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த மரியாதையிலேயே நான் மயங்கிவிட்டேன்.

"இதுதான் நூலகமா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

"புத்தகங்களைப் பார்க்கலாமா?"

"தாக் பொலே, துவான்" என்றேன். முடியாது, ஐயா. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? இன்றைக்குப் பூஜை, இன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது, நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் பாருங்கள் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இங்கே யார் வந்து வாசிக்கிறார்கள்?"

"இன்றைக்கு யாரும் வாசிக்க மாட்டார்கள்."

"இரவல் புத்தகங்களுக்குப் பதிவேடு இருக்கிறதா?"

"இருக்கிறது. அதுவும் துணிக்குள் இருக்கிறது. நாளைக்கு வந்தால் காட்டுகிறேன்."

"நாளைக்கு எனக்கு வேறு இடத்தில் வேலை" என்றார். "பரவாயில்லை."

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் லெட்ஜர் இருந்தது. வெள்ளைத் துணிக்குக் கீழே அதன் நீல ஓரம்கூடத் தெரிந்தது. ஒரு நொடி தோன்றவும் செய்தது, எடுத்துக் காட்டிவிடலாமா என்று. பின்னால், பூஜைக்கு வந்து உட்கார்ந்திருந்த கிராணி ஐயா தொண்டையைச் செருமினார். எடுக்கவில்லை. அவர் செருமாமல் இருந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. அவர் மேல் பழி போடுவது எனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதிகாரி கைத்தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்தார். வெள்ளைத் துணி மூடிய அலமாரிகள், மாலை போட்ட சாமி படம், விளக்கு, ஊதுவத்தி. நான் அவருக்குச் சுண்டல் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மானேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேனே.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கட்டடம் நூலகமாகப் பயன்படுத்தப்படவில்லை. புத்தகங்கள் துணியால் மூடி வைக்கப்பட்டுள்ளன. இரவல் பதிவேடு காட்டப்படவில்லை. அறை அவ்வப்போது வழிபாட்டுக்குப் பயன்படுகிறது. நான் அதை ஸ்டோர் கழிப்பறையில் நின்று வாசித்தேன். ஒரு பொய்கூட இல்லை அதில். ஒரே ஒரு பொய்யாவது இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். காட்டியது நான்.

மறுநாளே லீவு போட்டு, லெட்ஜரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கூடப் பார்த்தாள். "சுதா தூத்துப், கக்" என்றாள். அக்கா, கோப்பு மூடியாகிவிட்டது. பூஜை நாள் என்று நான் விளக்கினேன். "அப்படியென்றால் அன்றைக்கு வராதே என்று ஒரு போன் போட்டிருக்கலாமே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மேல்முறையீடு எழுதலாம் என்று கிராணி ஐயாவிடம் போனேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"விட்டுடும்மா" என்றார்.

"எதுக்கு விடணும் ஐயா? லெட்ஜர் இருக்கு. சாட்சி இருக்கு."

"வழிபாட்டு எடம்னு எழுதிட்டான் பாத்தியா? கோயிலுக்கு மட்டும் நம்மகிட்ட பேப்பர் இருக்கா? அதுவும் தோட்டத்து நெலத்துலதான் நிக்குது. நீ இதக் கெளறுனா அவன் அதக் கெளறுவான். புக்கு போனா போவட்டும். சாமி எங்க போவும்?"

"அப்ப அன்னைக்கு நாம கும்பிட்டது யார ஐயா? அவங்க சாமி இல்லையா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுவாரம் ஒப்படைப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோயில் போய்விடுமோ என்ற பயம் இந்த நாட்டில் தோட்டத்து ஆட்களுக்குச் சும்மா வருவதில்லை. தெரிந்தும் நான் அவரோடு இன்றுவரை பேசுவதில்லை. திருவிழாவில் விபூதி நீட்டினால் வாங்கிக்கொள்வேன். பேச மாட்டேன்.

பிறகு மானேஜர் என்னைக் கூப்பிட்டு நல்ல செய்தி என்று ஒன்று சொன்னார். "புக்க எல்லாம் தூக்க வேணாம் ஆண்டி. அலமாரியோட அப்படியே இருக்கட்டும். பழைய புக்கு இருந்தா அந்த ஃபீல் வேற மாதிரி லா. நீங்க சாவிய மட்டும் மாசக் கடைசியில குடுங்க."

உள் அலங்காரம் செய்ய ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்க ஆரம்பித்தாள். பச்சை ஒரு வரிசை, பழுப்பு ஒரு வரிசை. நிறம் ஒத்துவராததையெல்லாம் முதுகை உள்பக்கமாகத் திருப்பி வைத்தாள். பெயர் தெரியாமல், வெறும் தாள் விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி. "யாராவது எடுத்து வாசிக்கணும்னா எப்படித் தேடுவாங்க?" என்று கேட்டேன். "வாசிக்கவா?" என்று கேட்டு என்னையே பார்த்தாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அறையை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காகிதம் இருக்கிறது. புத்தகம் எங்களுடையது. ஆனால் தூக்கி வைக்க இன்னோர் இடம் இல்லை. அப்படியென்றால் வாசகசாலை செய்கிற வேலையைச் செய்ய வேண்டியதுதான். எல்லாவற்றையும் இரவல் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு வீட்டுக்கு இரண்டு. விதியை மீறவில்லை. மீறினால் அது இரவல் இல்லை, பதுக்கல். முதல் சாயங்காலம் லயத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வாசல்படி மிதிக்காத முகமெல்லாம் நின்றன. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். "இத்தன வருஷம் எங்கடா போயிருந்தீங்க? மாசத்துக்கு ஒரு புக்கு எடுத்திருந்தா இந்த நெலம வந்திருக்குமா?" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருவன் மட்டும், "இப்பதான் வந்துட்டோம்லக்கா, தடியா பாத்து ரெண்டு குடுங்க" என்றான். சாபம் விட்டுக்கொண்டே தடியாகப் பார்த்துக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்.

"ஒனக்கு எதுக்குக்கா புக்கு?"

"ஏன், எனக்கு வீட்டு நம்பர் இல்லையா? எழுது."

எழுதினேன். இரண்டையும் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

லயத்தில் பாதி வீடு காலி என்பதால் அலமாரியும் பாதிதான் காலியானது. மீதியை என் கணவர் பார்த்துக்கொண்டார். தோட்டத்தை விட்டுப் போன எங்கள் ஆட்கள் ரிங்லெட்டில் இருக்கிறார்கள், பிரிஞ்சாங் சந்தையில் பூக்கடை வைத்திருக்கிறார்கள், கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். தக்காளிக் கூடைகளில் புத்தகத்தை அடுக்கி, கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், மூட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, போகிற வழியிலெல்லாம் இறக்கினார். வீட்டு எண்ணும் புத்தக எண்ணும் அவர் ஒழுங்காக எழுதி வந்து கொடுத்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் மொத தடவையா எழுதுறேன்" என்றார். ஒரே வாரத்தில் லெட்ஜரில் எத்தனையோ பக்கம் நிரம்பிவிட்டது.

மாதக் கடைசியில் மானேஜர் சாவி வாங்க வந்தார். அலமாரி அத்தனையும் வெறும் பலகை. ஈயத்தாள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"புக்கெல்லாம் எங்க ஆண்டி?"

"வெளிய போயிருக்கு சார். எரவல்."

"எல்லாமா?"

லெட்ஜரைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு, ஆனால் எண்கள் தெரியும். வெகு நேரம் புரட்டினார்.

"இத அன்னைக்கே அந்த ஆபீசர்கிட்ட காட்டியிருக்கலாமே" என்றார்.

அவர் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அறைவதற்கு அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தேன். லெட்ஜரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அங்கே அலமாரிகளில் புத்தகப் படம் அச்சடித்த தாளை ஒட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிரே சாலையோரத்து பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு உட்காருகிறேன். திருப்புகிறவர்கள் திருப்புவார்கள், மாற்றிக்கொள்கிறவர்கள் மாற்றிக்கொள்வார்கள். முன்பைவிட இப்போதுதான் நிறையப் பேர் வாசிக்கிறார்கள், அப்புறம் இன்னும் ஏன் கோபம் என்று என் கணவரே கேட்கிறார். பாடமெழுதப் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? ஆஸ்பத்திரிக் கடிதத்தை எந்த மேசையில் வைத்து வாசிப்பது? சாலையில் போகிற பஸ்சின் சத்தத்தில் ஒருவர் தன் நோயைப் பற்றி என்னிடம் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு நல்ல மழை. சாரல் நிறுத்தத்துக்குள் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு வாரம் முடிந்துவிட்டதாம், தவணை தவறக் கூடாதாம். அவருக்கு இழுப்பு வேறு. வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குள் போனேன். அறையை ஒப்படைத்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. உட்கார வேண்டுமானால் ஏதாவது வாங்க வேண்டும் என்றார்கள். ஒரு தேநீர் வாங்கினேன். நான் பொட்டலம் கட்டிய தூள். விலையைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் ஏறும்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். "நம்ம எடமா இது?" என்று கேட்டார். அந்த மேசையிலேயே லெட்ஜரைப் பிரித்து, அவர் திருப்பியதை எழுதி, பெட்டியிலிருந்து வேறு இரண்டு எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து மேசையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

கப் காலியானதும் பரிமாறுகிற பெண் வந்து எடுத்துக்கொண்டாள். மழை விடும்வரை உட்கார்ந்துகொள்கிறோம் என்றேன். இன்னொன்று வாங்கினால் உட்காரலாம் என்றாள். சின்னப் பெண், சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

"வா, போலாம். கொழுந்துக் காட்டுல நனையாத ஆளா நாம?"

சாலையைக் கடந்தோம். பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடுங்கியபடி நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ. அதில் ஒருவன், வரிசையில் நின்று தடியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிப்போன அதே ஆள், என்னைப் பார்த்ததும் குறைப்பட்டுக்கொண்டான்.

"என்னக்கா, மணி ஆறாச்சு, இன்னும் தெறக்கலையா?"

திறப்பதற்கு அங்கே கதவா இருக்கிறது? பெட்டியைக் கீழே வைத்து, அதன் மூடியைத் திறந்தேன்.